தமிழகத்தில் எலெக்ட்ரீஷியன் படித்துத் திரும்புவோருக்கு ஒரு நாள் சோதனை போதும்

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவினருக்கு,

வணக்கம். தமிழக அகதி முகாம்களில் வளர்ந்து, அங்குள்ள தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்து யாழ்ப்பாணம் திரும்புகிறவர்களுக்காக எழுதுகிறோம். அவர்களின் சான்றிதழைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஓமின் விதி தெரிந்த ஒருவரை மறுபடி முதற் பாடத்தில் இருத்துவது அநியாயம். இரு நாட்டு வயரிங்கும் வேறுபடுகிற இடங்களை மட்டும் சோதியுங்கள்.

முதலில் நிறம். இந்திய முறையில் மின் வரும் மூன்று பேஸ் வயர்களும் சிவப்பு, மஞ்சள், நீலம், மின் திரும்பும் நியூட்ரல் கறுப்பு. இங்கே புதிய வயரிங்கில் நீலம் நியூட்ரல். பேஸ்கள் மண்ணிறம், கறுப்பு, சாம்பல். பழக்கத்தில் கறுப்பை நியூட்ரல் என்று தொட்டால் உயிர் போகும். பழைய வீட்டுக்கு அறை கூட்டும்போது இரண்டு நிற முறையும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும். அங்கே மீற்றரால் அளந்த பிறகே இணைக்க வேண்டும்.

அடுத்தது றிங் சேர்கிற். 13 அம்பியர் பிளக் பொயின்றுகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை வளையமாக ஓட்டி, இரு முனைகளையும் 32 அம்பியர் பிரேக்கரில் கட்டுகிறோம். ஐ.டி.ஐ.யில் படித்தவருக்கு இது பழக்கமில்லை. வளையம் நடுவில் அறுந்தாலும் எல்லாப் பொயின்றிலும் கரண்ட் இருக்கும். ஆனால் சுமை கூடினால் வயர் தாங்க முடியாமல் சூடேறும், பிரேக்கர் விழாது. லைன், நியூட்ரல், எர்த் மூன்றையும் முனைக்கு முனை தொடர்ச்சி பார்க்கத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது எர்த். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல். நிலத்தில் அடிக்கும் எர்த் கம்பி முழுதாக இறங்காத இடத்தில் மிச்சத்தை வெட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எர்த் தடை 100 ஓம் என்றால், 230 வோல்ற்றில் பழுதாகி ஓடுவது 2.3 அம்பியர்தான், 20 அம்பியர் பிரேக்கர் அதை உணராது. காப்பது, மின்கசிவை உணர்ந்து தானே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றே. அதைப் பொருத்தவும், டெஸ்ட் பட்டனோடு நிறுத்தாமல் கருவியால் சோதிக்கவும் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் ஒரே நாளில், ஒரு பலகையில் செய்வித்துப் பார்க்கலாம். முன்கற்றலை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமை வழங்கும் முறை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள்ளேயே இந்தச் சோதனையை, யாழ்ப்பாணத்தில், தமிழில் நடத்துங்கள்.

இந்தியச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும். இங்கத்தைய பிறப்புச் சான்றிதழில் முழுதாக இருக்கும். அந்த வேறுபாட்டுக்காக விண்ணப்பத்தைத் திருப்பாமல், சத்தியக் கடதாசியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்து மின்னிணைப்பாளர்களும் பயிற்றுநர்களும்