பாதியில் நிற்கும் பின்னல்களை முடிப்போம்

அனைவருக்கும் வணக்கம். இந்த மாதம் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். பையில் கிடக்கும் அரைகுறைப் பின்னல்களை வெளியே எடுங்கள். எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைப் படத்துடன் நம் ஊசிப் பின்னல் குழுவில் போடுங்கள். கழுத்து வளைவா, கைப்பகுதியைப் பொருத்துவதா, நூல் போதவில்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும், கைகொடுக்க ஆள் இருக்கிறது.

சொந்தமாக வடிவமைக்கிறவர்களே, மாதிரித் துண்டைத் தவிர்க்காதீர்கள். 15 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு நடுவில் 10 செ.மீ. நீளத்தில் எத்தனை கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) என்று எண்ணுங்கள். 22 வரும் என்று நம்பி 220 கண்ணிகளில் ஸ்வெட்டரைத் தொடங்கினால் சுற்றளவு 100 செ.மீ. உங்கள் கைக்கு 20தான் வருகிறது என்றால் அதுவே 110 செ.மீ. ஆகிவிடும். ஊசியை ஓர் அளவு சிறிதாக்கி மீண்டும் பின்னிப் பாருங்கள்.

முடிப்பு வேலையில் அவசரமே கூடாது. நூல் முனையை 15 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியால் பின்பக்கக் கண்ணிகளுக்குள் திசை மாற்றி மாற்றி நுழைத்துவிடுங்கள். வெறும் முடிச்சு துவைக்கும்போது அவிழ்ந்துவிடலாம். கம்பளியானால் நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, சரியான அளவுக்கு விரித்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். கோணலாக நின்ற வரிசைகள் சீராகிவிடும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

விலைகொடுத்து வாங்கிய வடிவக் குறிப்புகளின் பிரதியைப் பகிர வேண்டாம். புதியவர்கள் கேட்காதவரை பிழைகளைச் சுட்டாதீர்கள். முடித்தவர்கள் உள்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.