முதல் எண் யாருடையது?

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை இரவு ஃபோனில் நீ கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் இரண்டு பேருமே அலுவலகம் போயாக வேண்டும், "அம்மா, நீ வந்து எங்களோடயே இருந்துடேன்" என்றாய். யோசித்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் பாதியில் குட்டி அழுவாள், மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வருகிறேன். ஆனால் ஆறு வாரம் மட்டும். கோபித்துக்கொள்ளாதே. பத்து மாதக் குழந்தை தவழ்கிற வேகத்துக்கு என் முழங்கால் இனி ஈடுகொடுக்காது. அதோடு, நான் ஒருத்தி படுத்தால் உங்கள் மொத்த ஏற்பாடும் சேர்ந்து படுத்துவிடும் என்கிற நிலைமை எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். உனக்கு ஒரு வயதாகும்போது பக்கத்து வீட்டு அக்காதான் உன்னைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் காலை எட்டு மணிக்கு, அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்கள். விடுப்பு கேட்கப் பயம். உன்னைத் தூக்கிக்கொண்டே அலுவலகம் போனேன். பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவே துண்டு விரித்துப் படுக்க வைத்தேன். நீ சமர்த்தாகத் தூங்கினாய்; எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு கணக்கும் நேராகவில்லை. உன் அப்பா நல்லவர்தான். ஆனால் அவரைக் கூப்பிடலாம் என்று அன்று எனக்கே தோன்றவில்லை, பார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"வீட்டிலிருந்து வேலை பார்த்தவரை பிரச்சினையே இல்லை" என்றாய். போன தடவை வந்தபோது பார்த்தேனே. மருமகள் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே, மைக்கை மியூட் செய்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாள். விட்டுப்போன வேலையை இரவு பதினொரு மணிக்கு மேல் செய்தாள். நீ கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாய். பிரச்சினை இருந்தது, உன் அறைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, நான் திரும்பிய பிறகு குட்டியைப் பகலில் விட ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டும், அதைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் மணிக்கணக்கைப் போடு. ஒன்பது முதல் ஆறு வரை வேலை, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆக, காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை பதினோரு மணி நேரம். காப்பகம் ஆறுக்கு மூடினால் உங்களில் யார் அங்கே நிற்பீர்கள்? ஒருவர் ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கி நான்குக்குக் கிளம்பவும், இன்னொருவர் காலையில் விட்டுவிட்டுத் தாமதமாகப் போகவும் முடிந்தால்தான் இது ஓடும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் விடமாட்டார்கள் என்றால் இந்த நேர மாற்றத்தையாவது கேள், எழுத்தில் கேள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்கிற துணிச்சல் இருந்தால், 2024இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த, பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவின் ஆய்வைக் காட்டு. ட்ரிப்.காம் என்ற சீனப் பயண நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்தது. இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத் தரம் குறையவில்லை. மேலாளருக்கு உன் கஷ்டம் புரியாவிட்டாலும் இந்தக் கணக்கு புரியும்.

இடம் பார்க்கப் போகும்போது சொல்லாமல், மாலை நான்கரை மணிக்குப் போ. பார்த்துக்கொள்பவர்கள் களைத்திருக்கும் நேரம் அது. அப்போது எப்படி இருக்கிறார்களோ அதுதான் நிஜம். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஒரு ஆள் என்பதுதான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமியின் அளவு. ஒரு ஆளிடம் ஏழெட்டுக் கைக்குழந்தைகள் இருந்தால், சுவரில் எத்தனை பொம்மை வரைந்திருந்தாலும் திரும்பி வந்துவிடு. மல்லாத்தித் தூங்க வைக்கிறார்களா என்றும் பார்.

குட்டி அழுவாள். எட்டு ஒன்பது மாதத்துக்கு மேல், ஒன்றரை வயது வரைகூட, பிரிவு இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். அதனால் நீ வேலைக்குப் போகும் தேதியன்று தொடங்காதே. நான் இருக்கும்போதே தொடங்கலாம்: முதல் நாள் ஒரு மணி நேரம், நீயும் கூடவே, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. அவள் பொம்மை பார்க்கும் சமயம் நைசாக நழுவி வராதே. டாட்டா சொல், போ. நழுவினால் அடுத்த நாள் உன் சட்டையை விடமாட்டாள்.

அப்புறம் சளி. வருஷத்துக்கு ஆறு எட்டுத் தடவை சின்னப் பிள்ளைகளுக்குச் சாதாரணம், காப்பகம் போனால் இன்னும் கூடும். 38 டிகிரி காய்ச்சல் என்றால் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். அந்த நாள் யார் வீட்டில் இருப்பது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள், காலை ஏழரைக்குக் கதவடியில் நின்று பேச வேண்டாம்.

நான் தொழிற்சங்கத்தில் இருந்த காலத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 156ஆம் உடன்படிக்கையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர் என்று அது சொல்வது பெண்களை மட்டுமல்ல, ஆண்களையும்தான். மேடையில் பேசிய எனக்கு வீட்டில் அதை நடத்திக்காட்டத் தெரியவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் "அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முதல் எண்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உன் எண்ணை எழுது. மருமகளுடையது இரண்டாவது. மீட்டிங்கில் உன் ஃபோன் அடிக்கட்டும், நீ எழுந்து போ.

அடுத்த வாரக் கடைசியில் வருகிறேன். பாட்டி வருகிறாள் என்று குட்டியிடம் ரொம்பச் சொல்லி வைக்காதே. என்னைப் பார்த்ததும் முதலில் அழத்தான் போகிறாள்.

அன்புடன்,
அம்மா