என்ஜினை மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றினாயே, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நம் லாரி படுத்துவிட்டதடா. புதுவயலில் அரிசி ஏற்றிக்கொண்டு திருச்சிக்கு வரும் வழியில், திருமயம் கோட்டை தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. டிரைவர் அண்ணன் ஓரங்கட்டுவதற்குள் என்ஜின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. ஆளாளுக்கு அவரைத் திட்டுகிறார்கள். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சூடு காட்டுகிற முள்ளே சரியாகக் காட்டாது, மனுஷன் என்ன செய்வார்? அவமானத்தில் வீட்டுப் பக்கமே வரவில்லை. நீ ஒரு போன் போட்டுப் பேசு. நீ சொன்னால் கேட்பார்.

பட்டறையில் ஆயிலை வடித்தபோது பால் ஊற்றிய டீ மாதிரி இறங்கியது. என்ஜின் மேல்மூடிக்கு அடியில் இருக்கிற அடைப்பு, அதுதான் ஹெட் கேஸ்கட், போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாயில், நாலாவது லைனரில், மேலிருந்து கீழ்வரை கீறல். விரலை விட்டால் நகம் மாட்டுகிறது. சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது.

சித்தப்பா ஒரே பிடியாக, "செகண்ட் ஹேண்ட் என்ஜினை வாங்கிப் போடு, ஒரே வாரத்தில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கே ஓடியது, யார் ஓட்டியது என்று தெரியாத என்ஜின். அதையும் பிரித்துப் பார்க்காமல் மாட்ட முடியுமா? பிரித்தால் அதற்கும் பேரிங், கேஸ்கட் செலவு உண்டு. ஆர்.சி. புக்கில் என்ஜின் நம்பரையும் மாற்றியாக வேண்டும். எட்டு வருஷம் தாண்டிய வண்டி, வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டியது; இந்த வருஷத்து எஃப்.சி. நெருங்குகிற நேரத்தில் அந்த அலைச்சல் வேறு. புது என்ஜின் என்ற பேச்சுக்கே இடமில்லை, தவணை இன்னும் ஓடுகிறது.

பிஸ்டனும் லைனரும் செட்டாகவே கிடைக்கும், மாற்றிவிடலாம். ஹெட் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் மட்டம் பார்த்துக்கொள்வார்கள். என்ஜினின் உடம்பான பிளாக்கும், பிஸ்டன் தள்ளச் சுழல்கிற கிராங்க் தண்டும்தான் என் கவலை. பிளாக்கைத் தண்ணீர் பிரஷரில் சோதித்துவிட்டார்கள், விரிசல் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் அன்று சோறு இறங்கியது. இனி கிராங்க் ஒன்றுதான் பாக்கி. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று கிரைண்டிங்கில் தேய்த்து, அதற்கேற்ற பேரிங் போட்டு ஓட்டலாம். ஆனால் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ அந்தக் கிராங்கை நம்பி லோடு ஏற்ற மாட்டேன்.

அப்பச்சி இருந்தபோது எடுத்த வண்டி என்பதற்காகப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நீ நினைக்கலாம். அதுவும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நம் வீடு, டிரைவர் வீடு, கிளீனர் பையன் வீடு என்று மூன்று அடுப்பு இந்த வண்டியை நம்பி எரிகிறது. பாதி வழியில் மறுபடி நிற்காத என்ஜின் வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை கிராங்கைத் திருச்சிக்கு அனுப்புகிறேன். நீயே லேத்துக்குப் போய்ப் பக்கத்தில் நில். முதலில் விரிசல் இருக்கிறதா என்று கிராக் டெஸ்ட், அப்புறம் மைக்ரோமீட்டர் வைத்து, பேரிங் உட்காருகிற ஒவ்வொரு ஜர்னலாக அளக்கச் சொல். ஏற்கெனவே கிரைண்டிங் ஆனதா, இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கு. வழக்கம்போல அரட்டையில் உட்கார்ந்து வந்த வேலையை மறந்துவிடாதே! தேறாது என்று சொல்லிவிட்டால் வேறு கிராங்க் கிடைக்குமா என்று அங்கேயே விசாரித்து வை. என்ஜினை மாற்றுகிற பேச்சை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
உன் மச்சான்