மாப்பிள்ளைக்கு ஒரு டிமெனு புராணம்

அன்புள்ள மாப்ள,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. சோடாபுட்டி கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அவனே உன்னிடம் கேட்பான், நான் நடுவில் வரமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வலது மணிக்கட்டில் வலி, கொஞ்ச நாள் மவுஸைத் தொடாதே என்றார் டாக்டர். சரி என்று, நீ ஹாஸ்டலிலிருந்தே ஓதிக்கொண்டிருந்த டிடபிள்யூஎம்மை, கீபோர்டாலேயே லினக்ஸ் ஜன்னல்களை அடுக்கும் அந்த விண்டோ மேனேஜரை, போட்டுவிட்டேன், சிரிக்காதே. ஒரு நிறம் மாற்றக்கூட சோர்ஸ் கோடைத் திருத்தி மறுபடி கம்பைல் பண்ண வேண்டுமாம். இதனால் அசட்டுக் கேள்வி கேட்கும் புதியவர்கள் வரமாட்டார்கள் என்று அவர்களே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். உன் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அதோடு சேர்த்துப் போட்ட டிமெனு என்ற குட்டி மெனு கருவிதான். ஆல்ட்டும் பி-யும் அழுத்தினால் திரையின் மேலே ஒரு மெல்லிய பட்டை. அதில் எஃப், ஐ, ஆர் என்று போட்டால் போலீஸ் வராது, ஃபயர்ஃபாக்ஸ் வரும். இதில் என்ன இருக்கிறது என்பாய். புரோகிராம் திறக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாதடா! ஒரு பக்கம் வரி வரியாக எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது, நாம் தேர்ந்தெடுத்த ஒரு வரியை மறுபக்கம் துப்புகிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. பாட்டு ஃபோல்டரைக் கொடுத்தால் ஜூக்பாக்ஸ், ஓடும் புராசஸ் பட்டியலைக் கொடுத்தால் தொங்கியதைக் கொல்லும் கத்தி. பாஸ் என்ற பாஸ்வேர்ட் கருவியோடு வரும் பாஸ்மெனுவும் இதே சங்கதிதான், பெயரைத் தேர்ந்தால் பாஸ்வேர்ட் கிளிப்போர்டுக்குப் போய் 45 விநாடியில் தானே அழிந்துவிடுகிறது. நான் ஷட்டவுனுக்கும் வைஃபைக்கும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, இப்போது வீட்டில் யாராலும் என் லேப்டாப்பைத் தொட முடியவில்லை.

அப்புறம்தான் வயிற்றெரிச்சல். அப்பா சேர்த்துவைத்த தேவாரப் பாட்டுகளுக்கெல்லாம் தமிழில் பெயர் வைத்திருந்தேன். டிமெனுவில் பார்த்தால் த-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் நிற்கிறது. டிமெனு எக்ஸ்எஃப்டி என்ற லைப்ரரி வழியாக எழுத்தை வரைகிறது, அந்த லைப்ரரி எழுத்துகளைக் கோத்து வடிவம் அமைப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அது தேவையே இல்லை, நமக்கு அது இல்லாமல் எழுத்தே இல்லை. டிடபிள்யூஎம்மின் சோர்ஸ் கோட் 2000 வரியைத் தாண்டாது என்று மார்தட்டுகிறார்களே, அந்தச் சிக்கனத்தில் யாருடைய எழுத்து வெளியே நிற்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்களா? கருவி அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எளிமை எளிமை என்று நீ இத்தனை வருஷம் கத்தியபோது இதைச் சொல்லவே இல்லையே.

இப்போதைக்கு ரோஃபி என்ற இன்னொரு மெனு கருவிக்கு மாறிவிட்டேன். எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த பேங்கோ என்ற லைப்ரரி வழியாக வரைவதால் கொம்பு இடத்தில் நிற்கிறது, டிமெனு போலவே நடந்துகொள்ளும் வசதியும் இருப்பதால் ஸ்கிரிப்டில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். டிமெனுவைவிடப் பெரிய உடம்புதான், இருக்கட்டும்.

நீ ஸ்வே என்ற வேறொரு விண்டோ மேனேஜர் பக்கம் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். அங்கே மெனுவுக்கு பீமெனுவா, ஃபஸலா? எதுவானாலும் அதில் ஒரு தமிழ் ஃபோல்டரைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பு. உன் கான்ஃபிக் ஃபைலையும் சேர்த்து அனுப்பு, திட்டிக்கொண்டே படிக்கிறேன்.

உன்
பழைய ரூம்மேட்