மூன்று மாதம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்
சிங்கப்பூரில் வீடு வாடகைக்கு விடும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுக்கார ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இன்றுவரை வாடகை வீடுதான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, வீட்டைத் தொடர்ந்து தருவீர்களா, தருவதாக இருந்தால் வாடகை எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுதி அனுப்புங்கள்.

2021 மார்ச்சில் ஈசூனில் ஒரு நான்கறை வீட்டுக்குக் குடிபோனோம். மாதம் 1,950 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு ஆண்டு ஒப்பந்தம். 2023 ஜனவரியில் நானே வீட்டுக்காரரை அழைத்து, தொடர்ந்து இருக்க விரும்புகிறோம் என்றேன். "பார்க்கலாம் தம்பி, இன்னும் நாள் இருக்கே" என்றார். பிப்ரவரியில் கேட்டேன், அதே பதில். ஒப்பந்தம் முடியப் பதினெட்டு நாள் இருக்கும்போது அவருடைய ஏஜண்ட் அழைத்தார். வாடகை 2,900, சரி என்றால் இரண்டு நாளில் கையெழுத்து, இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

ஏற்றியதை நான் குறை சொல்லவில்லை. அது ஊரே ஏறிய காலம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் தனியார் வீட்டு வாடகை 29.7 விழுக்காடு கூடியது, அடுத்த ஆண்டு இன்னும் 8.7 விழுக்காடு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001-இலேயே நீக்கிவிட்டார்கள். எவ்வளவு கேட்பது என்பது உங்கள் உரிமை. உங்கள் பக்கத்துச் சுமையும் எனக்குத் தெரியும். கடன் வட்டி ஏறியது. சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்கான சொத்து வரி, 2024 முதல் வீட்டின் ஆண்டு மதிப்பைப் பொறுத்து 12 முதல் 36 விழுக்காடு வரை. என் வருத்தமெல்லாம் அந்தப் பதினெட்டு நாள் பற்றித்தான்.

பதினெட்டு நாளில் எங்களைப் போன்றவர்கள் வீடு தேடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நான் ஏஜண்டுகளுக்குச் செய்தி அனுப்புவேன். முதல் கேள்வி எந்த நாடு என்பது. இரண்டாவது, சமைப்பீர்களா, எவ்வளவு சமைப்பீர்கள் என்பது. "ஓனர் இந்தியர்களுக்குத் தரமாட்டார்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு, பதிலே போடாமல் விட்டவர்களும் உண்டு. என் மனைவி ஒரு வாரம் தாளிக்கவே இல்லை. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வாசனை போகக்கூடாது என்று பழைய வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. கடைசியில் செம்பவாங்கில் வீடு கிடைத்தது. பள்ளியை மாற்ற மனமில்லாமல் மூன்று மாதம் அவளை விடியற்காலையில் பேருந்தில் கூட்டிப்போனேன். பாதி நாள் என் தோளிலேயே தூங்கிவிடுவாள்.

நம்மவர் வீடு என்று நாங்கள் தேடி வருவதற்குக் காரணமே இதுதான். உங்கள் வீட்டில் சாம்பார் வாசனைக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதனால்தான் உங்களிடமே இதைக் கேட்கிறேன்.

"முடிவாகும்வரை மாதாமாதம் இருங்களேன்" என்று சிலர் அன்போடு சொல்வார்கள். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டில் அது சரிவராது. வீவக அனுமதி ஒரு விண்ணப்பத்துக்குக் குறைந்தது 6 மாதம், மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் குடியிருந்தால் அதிகபட்சம் 2 ஆண்டு. புதுப்பிக்கும்போதும் நீங்கள் விண்ணப்பித்து அனுமதி வாங்கியே ஆக வேண்டும். தனியார் வீடென்றாலும் 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. தேதி கடந்து நாங்கள் தங்கிவிட்டாலோ, இரட்டை வாடகை கேட்கச் சட்டம் உங்களுக்கு இடம் கொடுக்கிறது. அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் கடைசி வாரத்தில் பேசுவதைப் பேச்சுவார்த்தை என்று எப்படிச் சொல்வது?

தாமதம் உங்களுக்கும் லாபமில்லை. மாதம் 100 வெள்ளி கூடுதலாகக் கேட்டு நாங்கள் போய்விட்டால், 2,800 வெள்ளி வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே இரண்டு ஆண்டில் அந்தக் கூடுதலால் வந்திருக்கும் 2,400 வெள்ளியைவிட அதிகம் கையை விட்டுப் போகும். ஏஜண்ட் கமிஷன், சுவருக்குப் பெயிண்ட் எல்லாம் தனி.

செம்பவாங் வீட்டின் உரிமையாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் அக்கா. 2025-இல் ஒப்பந்தம் முடிவதற்கு நான்கு மாதம் முன்பே அழைத்தார். "நீங்க இருக்கிறதா இருந்தா எனக்குச் சந்தோஷம், 2,900 கேட்கலாம்னு இருக்கேன்" என்றார். நான் அக்கம்பக்கத்து வாடகை விவரங்களைக் காட்டி 2,800 என்றேன். 2,850-இல் நின்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என்னோடு வீட்டை ஓர் அறை விடாமல் சுற்றிப் பார்த்தார். ஏர்கான் ஒழுகிய கறை, சமையலறைக் கதவின் கீல் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டோம். இதை நீங்கள் எல்லோரும் செய்ய வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன். பழைய டெபாசிட் அப்படியே தொடர்கிறது. நாலைந்து ஆண்டு கழித்து, எது பயன்படுத்தியதால் வந்த தேய்மானம், எது நாங்கள் உடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போக நேரிடுகிறது. அங்கே 2 ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. வழக்கறிஞர் கிடையாது, நீங்களும் நானும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்த்திருந்தால் அந்த நிலை வராது.

புதுப்பிப்பைத் தாளில் எழுதி, 14 நாளுக்குள் முத்திரை வரியும் கட்டிவிட வேண்டும். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 2,850 வெள்ளிக்கு இரண்டு ஆண்டென்றால் 273 வெள்ளி. வழக்கமாக நாங்கள்தான் கட்டுகிறோம், கட்டுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை.

இன்னொன்று. வேலை போனாலோ நாடு மாற்றினாலோ, முதல் 12 மாதத்துக்குப் பிறகு 2 மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்ற பிரிவு முதல் ஒப்பந்தத்தில் இருக்கும். டிப்ளமேட்டிக் கிளாஸ் என்பார்கள். புதுப்பிக்கும்போது பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாளில் நாங்கள் இந்த நாட்டையே விட்டுப் போக வேண்டியிருக்கும். தயவுசெய்து அந்தப் பிரிவை விட்டுவையுங்கள்.

எங்கள் பக்கக் கடமையும் உண்டு. நீங்கள் கேட்ட இரண்டு வாரத்துக்குள் இருப்போமா போவோமா என்று நாங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேறு வீடு பார்த்துக்கொண்டே உங்களை இழுத்தடிப்பது தவறு, அப்படிச் செய்கிற நம்மவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அடுத்த முறை கையெழுத்திடும்போது அதைச் சேருங்கள். அதுவரை, இன்று மாலை உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக் கடைசித் தேதியை ஒருமுறை பாருங்கள். நாள் நெருங்கியிருந்தால் உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்றே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
செம்பவாங்கில் குடியிருக்கும் ஒரு வாடகைதாரர்