புறாத்தீவுக்குப் போகுமுன்

அன்புள்ள மகளுக்கு,

ஆகஸ்ட் கடைசியில் பிள்ளைகளோடு வருவதாக நீ சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. புறாத்தீவுக்குப் போக நிலாவெளியில் படகுக்காரரிடமும் பேசிவிட்டார். எனக்கோ போன முறை சின்னவன் பட்ட பாடுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

புறாத்தீவில் பத்து மணிக்குக் கண்ணாடியை மாட்டிக் குப்புற மிதக்கத் தொடங்கியவன், பசியெடுத்த பிறகுதானே கரையேறினான். தண்ணீரின் குளிர்ச்சியில் முதுகு வேகுவது பிள்ளைக்குத் தெரியவில்லை. இரவு சட்டை பட்டாலே அழுதான். சில நாளில் தோள் முழுவதும் வெங்காயச் சருகாய் உரிந்தது. அரை மீற்றர் ஆழத்திலும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 40 சதவீதம் இறங்கும் என்று பிறகுதான் வாசித்தேன். அன்று காலை, "எங்கள் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று நீ எடுத்த வெயில் கிரீமைப் பைக்குள் வைக்கச் சொன்னவள் நான். அது என் பிழை, பிள்ளை. கறுத்த தோலுக்குக் கொஞ்சம் காவல் உண்டு, அது போதாது. தேங்காய் எண்ணெயும் வெயிலை மறிக்காது.

நீ வரும் நாட்களில்தான் இங்கே நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஆகவே விடியப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை அங்கேயே வாங்கி வா. வெள்ளைப் பருத்தி நனைந்தால் வெயிலை உள்ளே விட்டுவிடும். சட்டை மூடாத இடங்களுக்குத்தான் கிரீம்: காது, பிடரி, முழங்காலின் பின்புறம். வெயிலை எவ்வளவு மறிக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30க்குக் குறையாததாய்ப் பார். வெளியே போக இருபது நிமிடத்துக்கு முன் தாராளமாகப் பூசு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், கடலிலிருந்து ஏறித் துடைத்ததும் மறுபடியும் பூச வேண்டும்.

கிரீம் வாங்கும்போது, வெயிலை மறிக்கச் சேர்க்கும் ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் இல்லாததாய்த் தேடு. முருகைக்கற்களுக்கு, அதுதான் பவளப்பாறைகளுக்கு, அது கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் அது கலந்த கிரீம்களின் விற்பனையையே தடுத்திருக்கிறார்கள். புறாத்தீவின் முருகைக்கற்களைப் பார்க்கத்தானே பிள்ளைகள் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

கரையில் விளையாட, பெரியவளுக்குக் கழுத்துப்பட்டி உயர்த்தி ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். கை மட்டும் பாக்கி. தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்து இந்தக் கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அம்மா