தலை எந்தப் பக்கம்?

அன்புள்ள கார்த்திக்கு,

வெட்டின துண்டே முழுப் புழுவாக வளர்ந்துவிடுமே, பிளனேரியா என்கிற அந்தத் தட்டைப்புழு, அதன் துண்டுக்குத் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிகிறது என்று போனில் கேட்டாயே, அதற்கு அவசரமாகப் பதில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. நல்ல கேள்விடா. நான் பாடம் எடுத்த காலத்தில் பிள்ளைகள் எல்லாரும் எத்தனை துண்டு போடலாம் டீச்சர் என்றுதான் கேட்பார்கள்.

அந்தத் துண்டுக் கேள்விக்குப் பதில் தாமஸ் ஹண்ட் மார்கனிடம் இருக்கிறது. பழ ஈயை வைத்து 1933இல் நோபல் வாங்கினாரே, அவர்தான். அதற்கெல்லாம் முன்னால், 1898 வாக்கில், இந்தத் தட்டைப்புழுவை வெட்டிக்கொண்டிருந்தார். உடம்பில் 279இல் ஒரு பங்குகூட முழுப் புழுவாகிவிடும் என்பது அவர் கணக்கு. எனக்குப் பிடித்தது இன்னொன்று: மிக ஒல்லியாக நறுக்கிய துண்டில் சில சமயம் இரண்டு முனையிலும் தலை முளைத்தது. திசை தெரிந்த புழுதானே திசை தவறவும் முடியும்!

துண்டு வளர்வதற்கான செல்கள் நியோபிளாஸ்ட்டுகள், புழுவின் குருத்து செல்கள். கதிர்வீச்சில் அவற்றை எல்லாம் இழந்த புழுவுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டை வைத்து அதைப் பிழைக்க வைத்தார்கள் (2011). எல்லாரும் இதையே கொண்டாடுகிறார்கள். சரி, கொத்தனார் வந்தாயிற்று, வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று யார் சொல்வது?

சொல்வது தசை. முன்பின் அடையாளம் காட்டும் மரபணுக்கள் பெரும்பாலும் தோலுக்கு அடியில் இருக்கும் தசைச் செல்களில்தான் வேலை செய்கின்றன என்று 2013இல் தெரிந்தது. நியோபிளாஸ்ட் ஒன்றுகூட மிச்சமில்லாத புழுவை வெட்டினாலும் அந்தத் தசைச் செல்கள் புது எல்லைக்கு ஏற்ப அடையாளத்தை மாற்றிக்கொண்டன. கட்டுவதற்கு ஆள் இல்லாததால் தலை மட்டும் வரவில்லை. எனக்கென்னவோ இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் திசை காட்டும் சமிக்ஞை. விண்ட் (Wnt) என்கிற புரத வகை வால் பக்கம் அதிகம், தலை பக்கம் குறைவு. காயம் பட்டால் அந்த வகையில் ஒன்றான விண்ட்1 எந்தக் காயத்திலும் எழும்பும். விண்ட்டை அடக்கும் நோட்டம் (notum) என்கிற புரதம் மட்டும் முன்னோக்கிய, அதாவது தலைப் பக்கம் பார்த்த, காயத்தில்தான் அதிகமாகச் சுரக்கும். சில மணி நேரத்திலேயே திசை முடிவாகிவிடுகிறது, புதுத் தலையில் கண் முளைக்க ஒரு வாரம் போல ஆனாலும். விண்ட்டின் கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பீட்டா கேட்டினின் மரபணுவை 2008இல் அடக்கிப் பார்த்தார்கள், அந்த மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.வைக் கல்லீரல் கூழில் கலந்து ஊட்டிவிட்டால் போதும், அவ்வளவு சுலபம். வால் வரவேண்டிய இடத்தில் கண்ணோடு இன்னொரு தலை வந்தது. நோட்டத்தை அடக்கினால் நேர் எதிர், தலை இருக்கவேண்டிய இடத்தில் வால்.

உடனே நீ, எல்லாத் தட்டைப்புழுவும் இப்படியா என்று கேட்பாய். இல்லை. டெண்ட்ரோசீலம் லாக்டியம் என்று ஐரோப்பாவில் ஒரு வெள்ளைப் புழு, அதன் பின்பாதியை வெட்டிப் போட்டால் தலை வராது, அப்படியே கிடக்கும். அதிலும் பீட்டா கேட்டினினை அடக்கினார்கள், தலை வந்துவிட்டது! தலை செய்யத் தெரியாமல் இல்லை, விண்ட் விடவில்லை. இதே மாதிரி வேறு இரண்டு இனங்களிலும் வேறு இரண்டு குழுக்கள் செய்துகாட்டின, மூன்றும் 2013இல் நேச்சர் இதழில் ஒன்றாக வந்தன.

மனிதனுக்கு ஏன் வருவதில்லை என்பதுதானே உன் அடுத்த கேள்வி? அதை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பேசுவோம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா